கையெழுத்தில்லாத சார்ட்

“இந்தப் பேஷண்ட்டுக்கு டாக்டரே ‘கேன்சரா இருக்கலாம்’னு எழுதிட்டாரு மேடம். நான் கேன்சர்னு கோடு போட்டா மட்டும் தப்பா?”

கேட்டவர் அருளானந்து. வயசு நாற்பத்தேழு. திருச்சியில் ஒரு மெடிக்கல் கோடிங் ஆபீஸ். ‘சார்ட்’ என்கிற டாக்டர் குறிப்பைப் படித்து, நோய்க்கு உரிய ‘கோடு’ எண்ணைப் போடுவதுதான் அங்கே வேலை. இருமலில் ரத்தம் வரும் கேஸ் எல்லாம் இவர் மேஜைக்குத்தான் வரும்.

பதில் சொல்ல வேண்டியவள் ஜீனத். அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவள். வயசு முப்பதுதான். வாத்தியாருக்கு நரைச்சிருக்கணும்னு சட்டமா என்ன?

“‘இருக்கலாம்’னா இருக்குன்னு அர்த்தமாண்ணே?”

“ஆயிரம் சார்ட் பாத்துட்டேன். இருமல்ல ரத்தம் வந்தா கடைசியில அங்கதான் போய் நிக்குது.”

சொல்லும்போதே இருமல் வந்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்தினார். அவசரமாக மடித்தார். அதற்குள் அவள் சிவப்பைப் பார்த்துவிட்டாள்.

ஒன்பது நாளாக இந்தக் கூத்து. வீட்டில் அலர்ஜி என்று புளுகிவிட்டு, தனக்குத்தானே கேன்சர் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மனுஷன். டாக்டரிடம் போனால் உறுதியாகிவிடுமாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

ஜீனத் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி நீட்டினாள்.

‘ஆண். 47. இருமலில் ரத்தம்.’

“கோடு போடுங்க.”

யாரைப் பற்றி என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது. நுரையீரல் கேன்சருக்கான எண்ணை எழுதினார்.

“எக்ஸ்ரே?”

“எடுக்கல.”

“சளி டெஸ்ட்?”

“இல்ல.”

“ரத்தம் நெஞ்சுலேர்ந்து வருதா, மூக்குலேர்ந்து தொண்டைக்கு இறங்குதா, இல்ல ஈறுலேர்ந்தா? யாரு பாத்தா?”

“யாரும் பாக்கல.”

எழுதியதை அடித்தார். இருமலில் ரத்தம் என்ற அறிகுறிக்கு உள்ள எண்ணை மட்டும் போட்டார்.

“இப்ப சரியா?”

“இதுவும் தப்பு.”

“ஏன் மேடம்? நோய் உறுதியாகலைன்னா அறிகுறிக்குப் போடுங்கன்னு நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க!”

“டாக்டர் கையெழுத்து எங்கண்ணே?”

தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் வெள்ளைதான்.

“இல்ல.”

“கையெழுத்து இல்லாத சார்ட்டுக்கு என்ன கோடு போடுவோம்?”

“எதுவும் போட மாட்டோம்.”

“பின்ன என்ன பண்ணுவோம்?”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“பயமா இருக்கும்மா.”

“எனக்கும்தாண்ணே. சொல்லுங்க, அந்த சார்ட்டை என்ன பண்ணுவோம்?”

“டாக்டருக்கு அனுப்புவோம்.”

“எப்ப?”

“அன்னைக்கே.”

சொன்னவர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்தார்.