ஒரு கரண்டி பவுடரும் கொழும்புக் கப்பலும்

எங்க ஜிம்முல சேந்தா கொஞ்ச நேரம் எக்சர்சைஸ் பண்ணலாம், ரொம்ப நேரம் சேர்மக்கனி அண்ணாச்சி பேச்சக் கேக்கணும். அது ஃபீஸுல சேந்தது. தூத்துக்குடியில ஒரு பரோட்டா கடைக்கு மேல மாடியில இருக்கு ஜிம்மு. அண்ணாச்சிதான் ஓனர், அவருதான் மாஸ்டர், கண்ணாடிக்கு முன்னால பாதி நேரம் நிக்கிறதும் அவருதான். கண்ணாடி பக்கத்துல அலமாரியில புரோட்டீன் பவுடர் டப்பாவா அடுக்கி வச்சிருப்பாரு. எல்லா டப்பாவுலயும் சந்தனப்பொட்டு. ஆயுத பூஜைக்கு வச்சது, இன்னும் அழிக்கல. கேட்டா, "இதுவும் ஆயுதந்தாம்வே" ம்பாரு.

அன்னைக்குச் சாயங்காலம் ஜெசிந்தாக்கா மாடியேறி வந்தாவ. தெரு முனையில தையல்கடை வச்சிருக்காவ. கழுத்துல அளவு டேப்பு தொங்குது, கையில பாதி காலியான டப்பா. பின்னால அவுக மவன் டெரிக், தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு. பயலுக்குப் பதினாறு வயசு, பிளஸ் ஒன் படிக்கான். அண்ணாச்சி மவன் தங்கபாலனுக்கும் அதே வயசு, ரெண்டு பேரும் ஒரே கிளாஸு, ஒரே பெஞ்சு. தங்கபாலன் அப்ப ஜன்னலோரமா உக்காந்து, அவன் அம்மா குடுத்துவிட்ட அவிச்ச முட்டைய உரிச்சுக்கிட்டு இருந்தான்.

"அண்ணாச்சி, இதக் குடுத்தது நீங்கதானாம்ல. இவன் இப்ப மூணு நேரமும் இதத்தான் குடிக்கான். சோறு வேண்டாங்கான், மீன் வேண்டாங்கான். ராத்திரியானா வயித்தப் பிடிச்சுக்கிட்டு சுருண்டு படுக்கான். எனக்கு ஒரே பயமா இருக்கு. இந்த வயசுப் பிள்ளையளுக்கு இது ஆகுமா, ஆகாதா? நீங்க ஆகும்னா குடிக்கட்டும். ஆகாதுன்னா இப்பவே சாக்கடையில கொட்டிருதேன்."

"எம்மா, கொட்டாதம்மா! ஸ்கூல்ல எல்லாவனும் என்னய ஒட்டடக்குச்சிங்கான். இதக் குடிச்சாத்தான் உடம்பு ஏறும்" னு டெரிக் அவுக கையப் பிடிச்சான். கண்ணு கலங்கிட்டு பயலுக்கு.

ஆமா, இல்லன்னு ஒரு வார்த்தையில பதில் சொல்லுத ஆளா அண்ணாச்சி? பனியன இழுத்து விட்டாரு. பெஞ்சுல சம்மணம் போட்டு உக்காந்தாரு.

"தங்கச்சி, நீ கேட்டது நல்ல கேள்வி. இத மொதமொதல்ல நான் குடிச்சப்ப எனக்கும் இதே வயசுதான். ஒரே ஒரு கரண்டி. குடிச்சுட்டு டம்ளரக் கீழ வைக்கல, நெஞ்சு விரியுது. சட்டப் பட்டன் தெறிச்சுது பாரு, ரெண்டு தெரு தாண்டிப் போயி பள்ளிக்கூட மணியில அடிச்சுது. பெல்லு அடிச்சுட்டுன்னு பிள்ளையள எல்லாம் வீட்டுக்கு விட்டுட்டாவ. அன்னைக்கு விரிஞ்ச நெஞ்சு, இன்னைக்கு வரைக்கும் அறுபது இஞ்சு."

"முப்பத்தெட்டு" ன்னாவ ஜெசிந்தாக்கா. "கோயில் கொடைத் திருவிழாவுக்கு உங்களுக்கு நான்தான சட்ட தச்சேன்."

"அது மூச்ச வெளிய விட்டுருந்த நேரம்" ன்னாரு அண்ணாச்சி, கொஞ்சங்கூட அசராம.

மூலையில சைக்கிள் மிதிச்சுக்கிட்டு இருந்த மாசிலாமணி அண்ணன் 'க்கும்'னு கனைச்சாரு. அவரு ரிட்டையர்டு லைன்மேன். முட்டி வலிக்கு டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொன்னாருன்னு வாராரு. அண்ணாச்சி சொல்லுத ஒண்ணையும் அவரு நம்புனது கிடையாது.

"என்னவே கனைப்பு? உப்பளத்துல லாரி புதைஞ்ச கதை தெரியுமாவே உமக்கு? லோடு லாரி, அச்சு வரைக்கும் சேத்துக்குள்ள போயிட்டு. கிரேன் வந்துச்சு, கிரேனும் புதைஞ்சுட்டு. நான் ரெண்டு கரண்டி குடிச்சுட்டுப் போனேன். கிரேன இடது கையிலயும் லாரிய வலது கையிலயும் எடுத்து ரோட்டுல வச்சேன். டிரைவர் உள்ள தூங்கிட்டுக் கெடக்கான். எழுப்ப மனசு வரல. வீடு வரைக்கும் தலையிலயே சுமந்துட்டுப் போயி, அவன் பொண்டாட்டிகிட்ட ஒப்படைச்சுட்டு வந்தேன்."

"லாரியோடயா?"

"பின்ன? தூங்குதவனத் தனியா எடுத்தா முழிச்சுக்கிட மாட்டானா?"

மாசிலாமணி அண்ணனுக்கு மிதிக்கிற வேகம் குறைஞ்சுட்டு. டெரிக் மட்டும் வாயப் பொளந்து கேட்டுக்கிட்டு இருந்தான். அந்தப் பிள்ள ஒவ்வொண்ணையும் அப்படியே நம்புதான்னு மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. அதப் பாத்து ஜெசிந்தாக்கா முகம் சுருங்கிட்டே போச்சு.

"அண்ணாச்சி, லாரி கெடக்கட்டும். பிள்ளைக்கு வயித்த வலிக்கு. அதச் சொல்லுங்க."

"அது வலி இல்ல தங்கச்சி, பலம் உள்ள எறங்குத சத்தம். கேளு. ஹார்பர்ல கொழும்புக் கப்பல் ஒண்ணு நங்கூரம் அறுந்து கடலப் பாத்துப் போகுது. எல்லாரும் அய்யோ குய்யோங்காவ. நான் அந்நேரம் சாப்பிட உக்காந்துட்டேன். சோத்த விட்டுட்டு எந்திரிக்கிற பழக்கம் நமக்குக் கிடையாதுல்லா? ஒரு கையில கப்பல் கயித்தப் பிடிச்சேன், ஒரு கையில பரோட்டா. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் கப்பல் அங்கன இங்கன அசையல."

மாசிலாமணி அண்ணன் சைக்கிள நிறுத்திட்டாரு.

"ஓய், ஒரு நிமிஷம். ஒத்தக் கையால பரோட்டாவ எப்படிவே பிச்சீரு?"

அண்ணாச்சி ஒரு நொடி யோசிச்சாரு. "பிக்கிற நேரம் மட்டும் கயித்தக் கால்ல சுத்திக்கிட்டேன்."

"சால்னா?"

"கப்பல்காரன் ஊத்துனான்."

சரின்னுட்டு மறுபடியும் மிதிக்க ஆரம்பிச்சாரு மாசிலாமணி அண்ணன்.

"நீங்க பெரிய ஆளு, நீங்க கப்பலப் பிடிப்பிய" ன்னாவ ஜெசிந்தாக்கா. "நான் கேக்கது சின்னப் பிள்ளையளுக்கு."

"சின்னதா? எறும்ப விடச் சின்னது உண்டா தங்கச்சி? போன கோடையில ஒரு கரண்டி தரையில சிந்திட்டு. எறும்பு வந்து மொய்ச்சுது. மறுநாள் காலையில கதவத் தொறந்தா டம்பல்ஸ் ஒண்ணக் காணோம். தேடிப் பாத்தா, புத்துக்குள்ள கொண்டுபோயி வச்சுக்கிட்டு வரிசையா நின்னு எக்சர்சைஸ் பண்ணுது. நான் போயி மாஸ்டர்னு சொன்ன பொறவுதான் திருப்பிக் குடுத்துச்சு. எறும்புக்கே ஒண்ணும் ஆகலையே, உம் மவனுக்கு என்ன ஆகப் போகுது? அவ்வளவு எதுக்கு, எங்க சித்தப்பா மருமவ, அழுத கைப்பிள்ளைக்கு ஒரு சிட்டிகை நாக்குல தடவுனா. பிள்ள அழுகைய நிறுத்துச்சு. தொட்டிலோட எந்திரிச்சு, கடைக்குப் போயி, அதுக்குள்ள பாலு அதுவே வாங்கிட்டு வந்துச்சு. மிச்சச் சில்லறையும் சரியா இருந்துச்சாம்."

"அப்ப கைப்பிள்ளைக்கே ஆகும்."

"தாராளமா."

"பதினாறு வயசுப் பயலுக்கு?"

"கண்ண மூடிட்டுக் குடு தங்கச்சி. நான் பொறுப்பு."

ஜெசிந்தாக்கா நேராத் தண்ணி கேனுகிட்டப் போனாவ. ஒரு டம்ளர எடுத்தாவ. டப்பாவத் தொறந்து, குமிச்சு ரெண்டு கரண்டி அள்ளிப் போட்டு நல்லாக் கலக்குனாவ. டெரிக் முகம் பூவா மலர்ந்துட்டு, கைய நீட்டுனான். அக்கா அவனத் தாண்டி ஜன்னலோரத்துக்குப் போனாவ.

"இந்தாய்யா தங்கபாலா, நீயும் குடி. நல்ல சாமான நான் மட்டும் எம் பிள்ளைக்குக் குடுத்தா நல்லாவா இருக்கு?"

தங்கபாலனுக்கு ரொம்ப நாள் ஆசை போல. முட்டையக் கீழ வச்சுட்டு டம்ளர வாங்கி வாய்கிட்டக் கொண்டுபோனான்.

அந்நேரம் நான் பாத்தத எங்க வேணாலும் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன். சம்மணம் போட்டு உக்காந்திருந்த சேர்மக்கனி அண்ணாச்சி அப்படியே கெளம்புனாரு. பெஞ்சத் தாண்டி, வெயிட்டு அடுக்கத் தாண்டி, சைக்கிள்ல இருந்த மாசிலாமணி அண்ணன் தலைக்கு மேல பாஞ்சு, ஜன்னல்கிட்ட வந்து விழுந்தாரு. பனியன் ஜன்னல் கொக்கியில மாட்டிக் கிழிஞ்சுட்டு. டம்ளர் பறந்து போயி கண்ணாடியில கொட்டுச்சு.

"ஏல! துப்புல! குடிச்சியால? உங்கம்மைக்குத் தெரிஞ்சா என்னய வெட்டிப் போட்ருவாலே! பச்சப்பிள்ள வயித்துக்கு இந்த எழவெல்லாம் ஆகுமால? பதினாறு வயசுதானல ஆகுது உனக்கு!"

சொல்லி முடிச்ச பொறவுதான் அவருக்கு அவரு சொன்னது காதுல விழுந்துச்சு.

 கீழ கடையில கொத்துப் பரோட்டா போடுத சத்தம் மட்டும் கேக்குது.

டெரிக் மெதுவா வாயத் தொறந்தான். "அண்ணாச்சி, எனக்கும் பதினாறுதான்."

அண்ணாச்சி பதில் சொல்ல வாயத் தொறந்தாரு. லாரி வரல, கப்பல் வரல, எறும்பு கூட வரல. அப்படியே மூடிக்கிட்டாரு. எனக்கே அவரப் பாக்கப் பாவமா இருந்துச்சு.

ஜெசிந்தாக்கா டப்பாவ மூடி, அவரு கையிலயே வச்சாவ. "நான் கேக்க வந்தது இதத்தான் அண்ணாச்சி. வாரேன். டெரிக், வால, வீட்டுல சாள மீன் குழம்பு இருக்கு." படியெறங்கும்போது, "பனியனக் குடுத்துவிடுங்க, தச்சுத் தாரேன்" ன்னு மட்டும் திரும்பிச் சொன்னாவ.

அதுக்குப் பொறவு சந்தனப்பொட்டு வச்ச டப்பா எல்லாம் அலமாரியவிட்டுப் போயிட்டு. இப்ப அங்க ஒரு வாழத்தாரு தொங்குது. டெரிக் இன்னும் வாரான். தண்டால் எடுக்கான், சோறு திங்கான். பய இன்னும் ஒல்லிதான், ஆனா நல்லாத் தூங்குதான்.

போன வாரம் புதுசா ஒரு பிளஸ் ஒன் பய வந்து சேந்தான். வந்ததும், "மாஸ்டர், பவுடர் எதும் இருக்கா?" ன்னான்.

அண்ணாச்சி பெஞ்சுல சம்மணம் போட்டாரு.

"பவுடரா? அந்தப் பேச்சே எடுக்காத தம்பி. உன் வயசுல நான் ஒரே ஒரு கரண்டி குடிச்சேன். அன்னைக்கு ஹார்பர்ல ஒரு கொழும்புக் கப்பல ஒத்தக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கேன். குடிச்சதும் வயித்தப் பெரட்டுச்சு பாரு, கயிறு நழுவிட்டு. கப்பல் போயிட்டு. இன்னைக்கு வரைக்கும் எங்க இருக்குன்னு தெரியாது."

மாசிலாமணி அண்ணன் சைக்கிள நிறுத்தாமலே கேட்டாரு. "பரோட்டா?"

"அதுவும் போச்சுவே" ன்னாரு அண்ணாச்சி.