போன தடவைக்கு நன்றி

மலைப்பூதங்களுக்கு மணியோசை ஆகாது, கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. இதைவிட அபாயகரமான பிழை வேறில்லை. நன்றாகப் படித்தவர்கள், மற்ற விஷயங்களில் நம்பத்தக்கவர்கள்கூட இதில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். பூதங்களுக்கு மணியோசை பிடிக்கும். மிகவும் பிடிக்கும். தொல்லையெல்லாம் அதனால்தான் வந்தது. சொல்கிறேன், கேளுங்கள்.

முன்னொரு காலத்தில், பனி உருகினால்தான் வருஷம் பிறந்ததாக ஜனங்கள் ஒப்புக்கொண்ட காலத்தில், நார்வே மலைகளுக்கு நடுவே நீண்ட ஏரி ஒன்று இருந்தது. இந்தக் கரையில் ஏழு பண்ணைகள். அந்தக் கரையில் மரத்தாலான தேவாலயம். மழையில் அழுகாமலிருக்க அதற்குத் தார் பூசியிருந்தார்கள். வெயில் ஏறினால் தார் இளகி, அதன் வாசனை ஏரியைத் தாண்டி வரும். அது வந்து சேர்ந்த அன்றே கோடை தொடங்கியது, பஞ்சாங்கம் என்ன சொன்னாலும் சரி. அருவியடியில், தண்ணீர் விசையில் மாவரைக்கும் ஆலை ஒன்று கடகடத்தது. மலைமேல் மேய்ச்சல் குடில்களிலிருந்து ஆடுகளை அழைக்கும் பெண்களின் நீண்ட குரல் சாயங்காலம்தோறும் தண்ணீர்மேல் இறங்கி வந்தது.

அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு வழக்கம். முன்பு சந்தித்தவரை மறுபடி கண்டால், முதலில் "போன தடவைக்கு நன்றி" என்று சொல்ல வேண்டும். கேட்டவர் பதில் நன்றி சொல்லி, போன தடவையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தையும் சொல்ல வேண்டும். சொல்லாதவனை அடுப்படிக்குள் சேர்க்கமாட்டார்கள். வேலித் தகராறில் பல் உடைந்த இரண்டு பண்ணைக்காரர்கள் மறுவாரம் சந்தித்து, "போன தடவைக்கு நன்றி," "உனக்கும் நன்றி, நல்ல குத்து அது," என்று சொல்லிவிட்டுத்தான் மறுபடி அடித்துக்கொண்டார்கள்.

ஏரியில் படகு விட்டவள் குன்வோர். இடது துடுப்பு அவளுடையது. வலது துடுப்பு அவள் புருஷனுடையது. அவன் பெயரை இப்போது சொல்லமாட்டேன். சொன்னால் கதை இங்கேயே முடிந்துவிடும்.

ஒரு கோடையில் மூன்று காலைகள் விடிந்தன.

முதல் காலையில் தேவாலயத்து மணியைக் காணோம். யாரும் தேடவில்லை. "இங்கே மணி எப்போது இருந்தது?" என்றார்கள்.

இரண்டாம் காலையில் மாவு ஆலையின் அரவைக் கல்லைக் காணோம். யாரும் தேடவில்லை. "நாம் எப்போதும் முழுத் தானியம்தானே மெல்லுவோம்?" என்று சொல்லித் தாடையைத் தடவிக்கொண்டார்கள்.

மூன்றாம் காலையில் குன்வோரின் புருஷனைக் காணோம். யாரும் தேடவில்லை. குன்வோரே தேடவில்லை. எழுந்தாள், கஞ்சி வைத்தாள், கிண்ணம் இரண்டு எடுத்தாள், 'எதற்கு இரண்டு?' என்று ஒன்றைத் திரும்ப வைத்தாள், படகுக்குப் போனாள்.

துடுப்பு போட்டாள். படகு வட்டமடித்தது. பலமாகப் போட்டாள். வேகமாக வட்டமடித்தது.

தேவாலயத்து வாசலில் மணியடிக்கும் ஆம்பியோர்ன் நின்றிருந்தார். தினமும் வந்து, கைகளை உயர்த்தி, இல்லாத கயிற்றை இழுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். ஏனென்று அவருக்கும் தெரியாது.

"குன்வோர், போதும் நிறுத்தம்மா! மீனுக்கெல்லாம் தலை சுற்றுகிறது!"

"நீங்கள் மட்டும் என்ன, பெரியவரே? காற்றைப் பிடித்து இழுக்கிறீர்களே, வானத்தைக் கீழே இறக்கவா?"

இருவரும் சிரித்தார்கள். பிறகு இருவரும் தங்கள் கைகளைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது.

குன்வோர் வலது பக்கப் பலகையைத் தடவினாள். அது குழிந்திருந்தது. ஓர் ஆள் பத்து வருஷம் உட்கார்ந்தால் எவ்வளவு குழியுமோ அவ்வளவு. 'என் தலை எதையோ மறந்துவிட்டது. கை மறக்கவில்லை. அதைத் தேடாமல் கரையேறினால், நாளைக்குக் கையும் மறந்துவிடும்.'

எப்படியோ இடமும் வலமும் மாறி மாறி உட்கார்ந்து, தேவாலயக் கரை சேர்ந்தாள். தேவாலயக் கூரை முகட்டில் செதுக்கி வைத்திருந்த மர டிராகன் கேட்டது:

"குன்வோர், குன்வோர், வட்டமடிக்கும் படகுக்காரி, எதைத் தேடுகிறாய்?"

"பெயர் தெரியாத ஒன்றை."

"எது போயிற்று என்று எனக்கும் தெரியாது. எந்தப் பக்கம் போயிற்று என்று தெரியும்," என்று டிராகன் மூக்கால் அருவியைக் காட்டியது.

ஏரியின் முனையைச் சுற்றி நடந்தாள். வழியில் ஏழு பண்ணைகளில் ஒன்றின் தானியக் களஞ்சியம் நான்கு கட்டைக் கால்களில் நின்றிருந்தது. எலி ஏறாமலிருக்கக் கால் வைத்தார்கள் என்று அறிஞர்கள் சொல்வார்கள். களஞ்சியத்தைக் கேட்டால் வேறு சொல்லும்.

"குன்வோர், குன்வோர், வட்டமடிக்கும் படகுக்காரி, எதைத் தேடுகிறாய்?"

"பெயர் தெரியாத ஒன்றை."

"அப்படியானால் இது உன்னுடையது," என்று கதவைத் திறந்து, இரண்டு மரக்கரண்டிகளைத் தந்தது. இரண்டையும் ஒரு மரச்சங்கிலி இணைத்திருந்தது. எல்லாம் ஒரே கட்டையில் செதுக்கியது. மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் முதல் கஞ்சி சாப்பிடும் கரண்டிகள். "இங்கே ஒரு விருந்து நடந்தது. எவருடையது என்று நினைவில்லை. ஆனால் ஒரு விருந்தாளி, வாலைக் கோட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு, ஒரு பீப்பாய் கஞ்சி குடித்தார். அதை எப்படி மறப்பது?"

அருவியும் கேட்டது: "குன்வோர், குன்வோர், வட்டமடிக்கும் படகுக்காரி, எதைத் தேடுகிறாய்?"

"பெயர் தெரியாத ஒன்றை."

"என் பின்னால் வாசல் இருக்கிறது. உள்ளே பூதம் இருக்கிறது. அது எடுத்துப்போனதை ஊர் மறந்துவிடும். பெயர் சொல்லிக் கேட்டால் கொடுத்துவிடும். தப்பாக மூன்று முறை சொன்னால் உன்னையும் வைத்துக்கொள்ளும்," என்று அருவி திரைபோல ஒதுங்கியது.

உள்ளே பெரிய கூடம். அதில் பொருள்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை. 'மணி. தொடக்கூடாது.' 'அரவைக் கல். சுற்றக்கூடாது.' கோடியில் பாதியாக அறுத்த படகு. அதில் ஒருவன் உட்கார்ந்து வெறுந்தரையில் துடுப்பு போட்டுக்கொண்டிருந்தான், வலது பக்கம். 'படகோட்டி. உணவளிக்கக்கூடாது.'

நெட்டையாக ஒரு பூதம் வந்தது. பழங்காலக் கோட்டு. முதுகுப் பக்கம் ஏதோ புடைத்திருந்தது.

"செருப்பைத் துடைத்துவிட்டு வா. பார்க்கலாம், தொடாதே."

"அவரை எனக்குத் திருப்பிக் கொடு."

"பெயர்?"

"தோர்கில்."

"இல்லை."

"ஐவின்ட்."

"இல்லை. ஒன்றுதான் மிச்சம். அவசரமில்லை, உன் அட்டையை எழுத எனக்கும் நேரம் வேண்டும்," என்று பூதம் இறகுப்பேனாவை எடுத்தது.

குன்வோர் படகிலிருந்தவன் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் நினைவு வரவில்லை. கையிலிருந்த கரண்டிகளைப் பார்த்தாள். பிறகு பூதத்தின் கோட்டைப் பார்த்தாள். உள்ளே மடித்து வைத்தது மெல்ல அசைந்தது.

அவள் நிமிர்ந்து, பண்ணைக்காரி வாசலில் நின்று சொல்வதுபோலச் சொன்னாள்:

"போன தடவைக்கு நன்றி."

பூதத்தின் பேனா நின்றது. அது நல்ல குடும்பத்துப் பூதம். எதை வேண்டுமானாலும் திருடும், மரியாதை தவறாது.

"உனக்கும் நன்றி!" என்றது, கையைக் குவித்துக்கொண்டு. "எப்பேர்ப்பட்ட கல்யாணம்! புளித்த பாலேட்டுக் கஞ்சி, நடுவில் குளம்போல வெண்ணெய்! நான் மூன்றாம் முறை வாங்கியபோது ஹால்ஸ்தைன் முகம் சுளிக்காமல் தானே அள்ளி..."

பூதம் வாயைப் பொத்தியது.

"ஹால்ஸ்தைன்," என்றாள் குன்வோர்.

அட்டை அறுந்து விழுந்தது. படகிலிருந்தவன் திரும்பினான். "குன்வோர், ஏன் படகு நகரவே இல்லை? நீ போடுகிறாயா இல்லையா?"

அவளுக்கு ஒரு பெயர் வந்ததும் எல்லாம் வந்தன. மணி வந்தது, அரவைக் கல் வந்தது, கல்யாணத்து மழை வந்தது, அழுகையும் வந்தது. மறதி பின்னல் வேலை மாதிரி, ஓர் இழையை உருவினால் முழுக்க அவிழ்ந்துவிடும்.

பூதமும் அழுதது. "கெட்ட எண்ணமில்லை, அம்மா. மணி ஒருநாள் விரிசல் விடும். கல் தேயும். அவ்வளவு நல்ல மாப்பிள்ளை கிழவனாவான். இங்கே இருந்தால் எதுவும் போகாது."

"மணியோசை கேட்கத்தானே எடுத்து வந்தாய்? கேட்டாயா?"

"தொட்டால் தேயுமே."

"அதன் ஓசை எப்படியிருக்கும், சொல்."

பூதம் வாயைத் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. "எனக்கே மறந்துவிட்டது," என்றது, மிகச் சின்னக் குரலில்.

அன்று பகலிலேயே பூதம் அரவைக் கல்லை ஒரு கக்கத்திலும் மணியை மறு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு மலையிறங்கி, கல்லை ஆலையில் வைத்து, மணியைக் கயிற்றோடு பழைய இடத்தில் மாட்டியது. ஆம்பியோர்ன் எப்போதும்போல வாசலில் கைகளை உயர்த்தி நின்றிருந்தார். இந்த முறை கைக்குள் கயிறு வந்தது. இழுத்தார்.

ஓசை ஏரிமேல் போய், ஏழு பண்ணைகளையும் தொட்டு, மேய்ச்சல் குடில்களை எட்டித் திரும்பியது. தார் வாசனை அடித்தது. பூதம் கல்லறை மதில்மேல் உட்கார்ந்து, வாலைத் தாராளமாக வெளியே விட்டு, கண்ணை மூடிக் கேட்டது. குன்வோரும் ஹால்ஸ்தைனும் படகேறினார்கள். படகு நேராகப் போனது.

அதன்பின் அறுவடை முடிந்ததும் ஒரு பீப்பாய் கஞ்சி, நடுவில் வெண்ணெயோடு, பூதத்துக்கென்று வைத்தார்கள். அது வருஷம் தவறாமல் வந்தது. வந்ததும் முதலில் சொல்ல வேண்டியதைச் சொன்னது.

மணியிலிருந்த 'தொடக்கூடாது' அட்டையைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. ஆம்பியோர்னும் அவருக்குப் பின் வந்தவர்களும் கோடையிலும் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டுதான் மணியடித்தார்கள்.