கேட்காதவளின் கூலி

விடை சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைப்பவர்கள் இந்தப் புதிருக்குக் காது கொடுக்க வேண்டாம். 

சங்குத்துறை என்ற துறைமுக நகரில் அரசாங்க மருந்துச்சாலை ஒன்று இருந்தது. அதன் கண்காணி சிற்றம்பலம், மூலிகை இடித்துக் கஷாயம் காய்ச்சும் வேலைக்கு ஒரே நாளில் இரண்டு பெண்களை எடுத்தார். கூலியைத் தாமாகச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. “என்ன எதிர்பார்க்கிறே?” என்று கேட்பார். வடிவு என்பவள் கூச்சப்படாமல், “மாசம் எட்டுப் பணம்” என்றாள். சரி என்றார். அடுத்து நின்ற தாயம்மை கணவனை இழந்தவள், இடுப்பில் கைக்குழந்தை. தொகை சொன்னால் பேராசைக்காரி என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்து, நாமெல்லாம் சொல்வதையே அவளும் சொன்னாள்.

“நீங்களாப் பாத்துக் குடுங்கய்யா.”

கண்காணி பார்த்தார். நாலு பணம் கொடுத்தார்.

அங்கே கூலியைத் துணி முடிப்பில் கட்டித்தான் தருவார்கள். அதை அடுத்தவர் எதிரில் அவிழ்ப்பதும், உனக்கு எவ்வளவு என்று கேட்பதும் மரியாதைக் குறைவு. இந்த மரியாதையால் யாருக்கு லாபம் என்று எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஒரே உரலில் மாற்றி மாற்றி உலக்கை போட்ட அந்த இருவரும் ஒருத்தி வீட்டு அடுப்பு முதல் மற்றவள் வீட்டுக் காய்ச்சல் வரை எல்லாம் பேசினார்கள். கூலியை மட்டும் பேசவில்லை.

ஒரு மாதம் தாயம்மை காய்ச்சலில் படுத்தாள். அவளுடைய முடிப்பையும் வாங்கிக்கொண்டு போன வடிவுக்கு, வழியிலேயே கனம் குறைவது கையில் தெரிந்துவிட்டது. திரும்பி வந்து கண்காணியிடம் கேட்டாள்.

“அவ கேக்கல, நான் குடுக்கல. இதை நீ வெளியே சொன்னா ரெண்டு பேருக்கும் நாலாக்கிடுவேன். வீட்டுல படுத்துக் கிடக்குற புருஷனை நெனச்சுக்க” என்றார் அவர்.

வடிவு நினைத்துக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து தினமும் ஒரு தூக்குச் சோறு கூடுதலாகக் கொண்டுவந்தாள். கேட்டால், “கை தவறி அதிகமா வடிச்சுட்டேன்டி” என்பாள். அதில் பாதியைத் தாயம்மை தின்று, பாதியை மகள் பூங்காவனத்துக்கு எடுத்துப் போவாள்.

மழை பொய்த்தது. அரிசி விலை ஏறியது. நாலு பணத்தில் வீட்டு வாடகை கொடுத்தால் குழந்தைக்குப் பால் இல்லை. பிள்ளையில்லாத வணிகத் தம்பதி ஒன்று கடல் கடந்து குடியேறப் புறப்பட்டது. தாயம்மை மகளை அவர்களுக்குத் தத்துக் கொடுத்தாள். எட்டுப் பணம் கிடைத்திருந்தால் கொடுத்திருக்க மாட்டாள். துறைமுகத்தில் குழந்தை தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விட மறுத்தது. பக்கத்தில் நின்று அந்தக் கைகளைப் பிரித்துவிட்டவள் வடிவு. அப்போதும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

சில ஆண்டுகள் கழித்து அரசர் ஒரு சட்டம் போட்டார். புதிதாக ஆள் தேடினாலும், இருக்கிற ஆளுக்கு உயர்வு கொடுத்தாலும், கூலியை ஊரறியச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வீடு சண்டை மூளும் என்று முதலாளிகள் முணுமுணுத்தார்கள். மருந்துச்சாலையில் தலைமைப் பெண் வேலை காலியாயிற்று. வாசலில் தண்டோரா போட்டார்கள். மருந்து இடிக்கும் பெண்ணுக்குக் கூலி எட்டுப் பணம், தலைமைக்கு உயர்ந்தால் பன்னிரண்டு.

தாயம்மை தண்டோராக்காரரிடம் போய், “அண்ணே, தப்பாச் சொல்றீங்க. இடிக்கிறதுக்கு நாலுதான்” என்றாள்.

“இல்லம்மா. உங்கள்ல ஒருத்தி இப்ப வாங்குற கூலியைத்தான் சொல்லச் சொன்னாங்க.”

அவள் திரும்பி வடிவைப் பார்த்தாள். வடிவு தலை குனிந்தாள்.

வழக்கு மன்றத்துக்குப் போயிற்று. கண்காணி, “கேட்டவளுக்குக் கேட்டதைக் கொடுத்தேன். கேட்காதவளுக்கு என் இஷ்டம். அப்போது சட்டம் இல்லை” என்றார். வடிவு, “சொல்லியிருந்தா ரெண்டு குடும்பமும் பட்டினி. என்னால முடிஞ்ச சோத்தைப் போட்டேன்” என்று அழுதாள்.

தாயம்மை அழவில்லை. “சோறு போட்டா, நான் இல்லேங்கல. ஆனா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்தாள் கால்ல விழுந்தாவது எட்டு வாங்கி எம்புள்ளைய வெச்சிருப்பேனே” என்றாள்.

இப்போது சொல்லுங்கள். தாயம்மை தன் பிள்ளையை இழந்த குற்றம் யாருடையது? கேட்காத அவளுடையதா, சொல்லாத வடிவுடையதா, கொடுக்காத கண்காணியுடையதா?

விடை: கண்காணியுடையது. கேட்காததுதான் காரணம் என்றால், அவள் கேட்டுவிடக் கூடாது என்று வடிவின் வாயை ஏன் அடைத்தார்? தாயம்மைக்குக் கேட்கத் தெரியாமல் போகவில்லை, எவ்வளவு கேட்கலாம் என்பது தெரியாமல் மறைக்கப்பட்டது. வடிவு பயத்தில் மூடிய வாயை மன்னிக்கலாம். துறைமுகத்தில் மூடிய வாயை என்னால் மன்னிக்க முடியவில்லை; அதற்குச் சட்டத்தில் தண்டனையும் இல்லை. மன்றம் கண்காணியிடமிருந்து பாக்கி முழுவதையும் வாங்கித் தாயம்மையிடம் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு அவள் கப்பலேறி மகளைத் தேடிப் போனாள். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த சிறுமி அவளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, வளர்த்தவளிடம் ஓடிப்போய்க் கேட்டாள்: “இந்த அத்தை எதுக்கும்மா அழுவுறாங்க?”