ஏரிக்கரைக்குப் பத்துப் புளியங்கொட்டை

கிட்ட வாருங்கள், செல்லங்களே. இன்னும் கிட்ட. பின்னால் இருப்பவளுக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள்.

ஒரு காட்டில் ஏரிக்கரை உடைந்து கிடந்தது. மழைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. போன வருஷ வெள்ளம் மானின் இரண்டு குட்டிகளைக் கொண்டுபோய்விட்டது. இந்த வருஷமும் அதற்கு ஒரு குட்டி.

"யார் குறைந்த கூலி கேட்கிறார்களோ, அவர்களுக்கே வேலை!" என்றது கஞ்சனான யானை ராஜா.

"கொஞ்சம் பொறுங்கள் ராஜா. நமக்கு எது முக்கியம் என்று முதலில் முடிவு செய்வோம்," என்றது உடம்பெல்லாம் செதில் மூடிய அழுங்கு. மூன்று தேக்கிலைகளை விரித்தது. பத்துப் புளியங்கொட்டைகளை வைத்தது. "ஓர் இலை உறுதிக்கு, ஒன்று வேகத்துக்கு, ஒன்று கூலிக்கு. எது பெரிதோ அதில் அதிகம் போடுங்கள். வேலை கேட்டு ஆள் வந்தபின் ஒரு கொட்டையும் இலை மாறக்கூடாது."

மான் மூக்காலேயே ஆறு கொட்டைகளை உறுதி இலைக்குத் தள்ளியது. வேகத்துக்கு மூன்று. கூலிக்கு ஒன்று.

"ஒன்றுதானா?" என்று முனகியது யானை.

"உங்களுக்கென்ன ராஜா! வெள்ளம் உங்கள் முழங்காலுக்கு. என் குட்டிக்குத் தலைக்கு மேலே."

யானை அந்த ஒற்றைக் கொட்டையைத் தும்பிக்கையால் கூலி இலையின் நடுவில் வைத்தது.

வேலை கேட்டு மூவர் வந்தார்கள். பெருச்சாளி கூலியாக இரண்டே கூடைக் கிழங்கு கேட்டது. "மூன்றே நாளில் முடிப்பேன்!" என்று உறுமியது காட்டுப்பன்றி. "இருபது நாள் ஆகும்," என்றது கறையான்.

"பேச்சு இருக்கட்டும். முன்பு கட்டியதைக் காட்டுங்கள்," என்றது அழுங்கு.

யானை தும்பிக்கையால் தண்ணீர் பீய்ச்சியது. பெருச்சாளியின் வளைமேடு பொலபொலவென்று சரிந்தது. பன்றி குவித்த சேறு பாதி கரைந்தது. கறையான் புற்றிலோ ஒரு மண்கூட உதிரவில்லை!

"அம்மாடி! இத்தனூண்டு வாயா இதைக் கட்டியது?" என்று காடே மலைத்து நின்றது.

ஒவ்வோர் இலையிலும் இருந்த கொட்டைகளைத் தகுதி பார்த்து மூவருக்கும் பிரித்தார்கள். பெருச்சாளிக்கு இரண்டு, பன்றிக்கு மூன்று, கறையானுக்கு ஐந்து. வேலை கறையானுக்கே!

பன்றி இளித்தது. "ஏ அழுங்கே, உன் சோறே கறையான்தானே! வேலையாளை நீ தின்றுவிட்டால் கரையை யார் கட்டுவது?"

கறையான்கள் நடுங்கின. அழுங்கு அன்றே, கறையானே இல்லாத மொட்டைப் பாறைமலைக்கு ஏறிப் போய்விட்டது.

இருபதாம் நாள் கரை எழுந்தது. எதிர்பார்த்ததற்கு முன்பே, மறுநாளே மழை கொட்டியது. ஏரி கடலாய்ப் பொங்கியது. கரை அசையவில்லை. கரைக்குக் கீழே மான்குட்டி துள்ளியது.

எலும்பும் செதிலுமாய் மெலிந்த அழுங்கு மலையிலிருந்து இறங்கி வந்தது. கரையில் காதை வைத்தது. உள்ளே ஆயிரம் கறையான்கள் ஓடி ஓடி ஈரம் கசியும் துளைகளை அடைத்துக்கொண்டிருந்தன.

அழுங்கு தன் நீண்ட நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, மறுபடி மலையேறியது.

நீதி: எது முக்கியம் என்று முன்பே முடிவு செய், வந்த முடிவு உன் வயிற்றைச் சுட்டாலும் மாற்றாதே.