உளை

“எந்திரிங்கடி. யாரும் படுக்க வேணாம்,” என்றாள் பவுனம்பாள்.

டிராக்டர் இறங்கவிருந்த வரப்பில் குறுக்கே படுத்திருந்த நான்கு பெண்களும் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்கள். அவள் இன்னொரு முறை சொல்லவில்லை. எழுந்து சேலையை உதறிக்கொண்டு ஒதுங்கினார்கள்.

தியாகேசனுக்குப் பதறியது. அவர் ஓய்வுபெற்ற சர்வேயர். அறுபத்தொரு வயது. தன்னைவிட இருபது வயது இளைய இந்தக் கூலிக்காரியை அம்மா என்று அழைத்து, அவளிடம் மாணவராக இருப்பவர். மூன்று வருடங்களுக்கு முன்பு அவள் தெருவுக்கு வந்து, “நிலத்தை அளக்கத் தெரியும், நிலம் தெரியாது, சொல்லிக்கொடுங்கள்” என்று கேட்டபோது, அவள் ஒரு மண்வெட்டியை எடுத்து நீட்டினாள். அதற்குப் பிறகு பாடம் என்று எதுவும் நடந்ததில்லை.

“அம்மா, கோட்டாட்சியர் வந்து நிக்கிறார். யாரு சாகுபடி பண்றாங்கன்னு பாக்கத்தான் வந்திருக்கார். இப்ப உழ விட்டா, இது அமைச்சர் வீட்டுச் சாகுபடின்னு எழுதிட்டுப் போயிடுவார். மூணு தலைமுறையா நீங்க பட்ட பாடு அவ்வளவுதான்.”

“உழவு பாக்கத்தானே வந்திருக்காரு? பாக்கட்டும்.”

“பட்டா அவங்க கையில. நம்ம கையில என்னம்மா இருக்கு?”

பவுனம்பாள் திரும்பி நடந்தாள். வாய்க்காலோரம் கிடந்த பனைமட்டைகளில் நீளமான நான்கைப் பொறுக்கித் தோளில் வைத்துக்கொண்டாள்.

முன்னாள் அமைச்சரின் மகன் இளஞ்சேரன் கையை வீசினார். டிராக்டர் தண்ணீர் கட்டிய வயலில் இறங்கியது. இரண்டு சால் நேராக உழுதது. மூன்றாவது சாலில், வயலின் மேற்குப் பாதியில், முன்சக்கரம் தலைகுனிந்தது. பின்சக்கரம் சேற்றை வாரி இறைத்துவிட்டு அச்சு வரை இறங்கி நின்றது. டிரைவர் பானெட்டின் மேல் ஏறிக்கொண்டான்.

“கியரை மாத்துடா, முட்டாளே!”

கத்திக்கொண்டே இளஞ்சேரன் வயலில் இறங்கினார். பாதி வயல் வரை ஒன்றுமில்லை. டிராக்டருக்கு நாலடி இருக்கும்போது இரண்டு காலும் தொடை வரை போய்விட்டன. வேட்டி தண்ணீரில் குடையாக விரிந்தது.

“நட்டாச்சு. தண்ணி விடுங்கடி,” என்றாள் படுத்திருந்தவர்களில் ஒருத்தி.

வரப்பு முழுக்கச் சிரித்தது. இளஞ்சேரன் சிரிக்கவில்லை. சேறு இடுப்புக்கு வந்துவிட்டது.

“எங்க கால வைக்கிறது? யாராவது சொல்லுங்களேன்!”

பவுனம்பாள் இறங்கினாள். நேராகப் போகவில்லை. வடக்கே பத்தடி, அங்கிருந்து சாய்வாக, ஓரிடத்தில் காலை அகட்டி ஒரு தாண்டு. அவர் முன்னால் மட்டைகளைப் பரப்பினாள்.

“ஒதறாதீங்க தம்பி. ஒதறுனா இன்னும் வாங்கும். மட்டை மேல நெஞ்சைச் சாயுங்க. காலு தானா வரும்.”

அவர் வயிற்றால் ஊர்ந்து வெளியே வந்தார்.

கோட்டாட்சியர் வரைபடத்தைப் பிரித்தார். “இந்த எடம் உளைச்சேறுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“டிரைவர் புதுசு சார்.”

“உங்களைக் கேட்டேன்.”

இளஞ்சேரன் கைக்கடிகாரத்துச் சேற்றைத் துடைத்தார்.

“படத்துலயும் இல்லையே,” என்றார் கோட்டாட்சியர்.

தியாகேசன் முன்னால் வந்தார்.

“அந்தப் படம் நான் வரைஞ்சது சார். அப்ப நான்தான் இங்க சர்வேயர். வரப்பு மேலயே நடந்து சங்கிலி பிடிச்சேன். நாலு பக்கமும் அளவு சரியா இருக்கும். உள்ள ஒரு அடி எடுத்து வைக்கல.”

கோட்டாட்சியர் வரைபடத்தை மடித்தார். பிறகு பவுனம்பாளிடம் கேட்டார்.

“இதுல எப்படிம்மா உழுவீங்க?”

“மாடு எறங்காது. மட்டை போட்டு, மேல நின்னு மண்வெட்டியால கொத்துவோம். எங்க மாமியாவோட மாமியா காலத்துலேருந்து அப்படித்தான். மத்த எடத்தவிட இங்கதான் கதிரு கனமா வரும்.”

அவர் பேனாவைத் திறந்தார்.

“பேரு சொல்லும்மா. முழுசா.”

ஜீப் போன பிறகு அவள் வாய்க்காலில் கால் கழுவினாள். தியாகேசன் பக்கத்தில் வந்து நின்றார்.

“அம்மா, மட்டையத் தோள்ல வச்சுக்கிட்டே நின்னீங்க. எறங்குறதுக்கு முன்னாடியே அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“அவரு வயல்னுல்ல சொல்லிக்கிட்டு வந்தாரு. அவரு வயல்ல எங்க கால் வைக்கணும்னு அவருக்கு நானா அய்யா சொல்றது?”

தியாகேசன் வயலைத் திரும்பிப் பார்த்தார். டிராக்டர் இறங்கிய இடத்தில் வரப்பு உடைந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டி, உள்ளே இறங்கி, இரண்டு கை சேறு அள்ளி உடைப்பில் வைத்து மிதித்தார்.