தாளாளர் கேட்ட போஸ்டர்

கோவில்பட்டி அச்சகம் ஒன்றில் செண்பகவல்லி என்று ஒருத்தி போஸ்டர் வடிவமைத்துக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்போடு நின்றவள், அதிர்ந்து பேசத் தெரியாதவள்.

கல்லூரி மாணவி மெர்லின், ஒரு வருஷம் வெயிலில் அலைந்து எடுத்த கறுப்பு வெள்ளைக் குறும்படத்துக்குப் போஸ்டர் கேட்டு வந்தாள். நடித்த நாலு பிள்ளைகளின் முகத்தையும் வைத்து அழகாகச் செய்து அச்சும் போட்டுவிட்டாள் செண்பகவல்லி. அந்த நேரம் கல்லூரித் தாளாளர் வந்து இறங்கினார்.

"இந்தப் பொடிசுக மூஞ்சிய எவன் பாப்பான்? நடுவுல என் முகம் மட்டும் பெருசா இருக்கணும். கீழ என் குடும்பத்தார் பேரு, படம் போடுற தேதி, நேரம், இடம். படத்துப் பேரை ஓரத்துல சின்னதாப் போடு."

மெர்லினுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சரிய்யா. படம் மாதிரியே உங்க முகமும் கறுப்பு வெள்ளையில இருக்கட்டுமாய்யா?" என்றாள் செண்பகவல்லி.

"இருக்கட்டும். அதுதான் கெத்து."

சொன்னது சொன்னபடி ஒரு பிரதி எடுத்து, வாசல் சுவரில் ஒட்டினாள். "எதிர்ப்பக்கம் நின்னு பாருங்கய்யா."

அவர் தெருவைத் தாண்டுவதற்குள் டீக்கடைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போஸ்டரைக் கும்பிட்டார். பூக்காரம்மா வாயில் அடித்துக்கொண்டாள்.

"நேத்துகூட கார்ல போனாரே! எப்ப எடுக்காங்களாம்?"

"நாளைக்கு நாலு மணிக்காம். காலேஜ்ல வச்சுத்தான்."

தாளாளர் வேட்டி தடுக்க ஓடிவந்தார். "ஏ புள்ள, கிழி அதை!"

"உங்க முகத்தை நான் எப்படிய்யா கிழிப்பேன்? அதுமேல பிள்ளைக போஸ்டரை ஒட்டிரட்டுமா?"

"ஒட்டு தாயி, சீக்கிரம் ஒட்டு!" என்று பசை வாளியைத் தூக்கி நீட்டியவர் தாளாளரேதான்.