மண்டபத்தில் திருடன் பிடித்த கதை

தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு திட்டம் இருந்தது. பாதியில் படிப்பை விட்டவர்களை மறுபடியும் கூட்டிவந்து பட்டம் வாங்க வைக்கிற திட்டம். கொத்தனார், தையல்காரி, வேன் ஓட்டுகிறவன் என்று பலபேர் சேர்ந்திருந்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் வட்டமாக நாற்காலி போட்டு உட்காருவார்கள். மனசில் இருப்பதைப் பேசுவார்கள். பேசினால்தான் மறுவாரமும் வருவார்கள், வந்தால்தான் படிப்பார்கள். வட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்: இங்கே சொன்னது இங்கேயே இருக்கணும்.

அந்த வட்டத்தைக் கட்டி வளர்த்தவள் ஜெரினா. முப்பது வயசு தாண்டியிருக்காது. அவளிடம் வேலை பழக வந்தவர் பால்வண்ணன். அவருக்கு ஐம்பது. அதற்கு முன்னால் பெரிய கல்யாண மண்டபம் ஒன்றுக்கு மேனேஜர். மாவட்டத்தில் பாதிப் பேர் அவர் போட்ட பந்தியில் சாப்பிட்டவர்கள்.

"மேடம், நாற்காலி போடத் தெரியும். மைக்செட்காரன்கிட்ட சண்டை போடத் தெரியும். ஆளுகளைச் சேர்த்து வைக்கதுதான் தெரியாது. நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்."

"சும்மா உட்கார்ந்து பாருங்க அண்ணாச்சி."

சும்மா உட்கார அவருக்கு வராது. டீ சொன்னார். ஃபேன் போட்டார். சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்.

ஒரு சனிக்கிழமை மரகதம் என்ற பெண் பேசினாள். தையல் வகுப்புக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுத்தான் இங்கே வருகிறாளாம். புருஷனுக்குத் தெரியும். மாமியாருக்கும் கொழுந்தனுக்கும் தெரியாது. பட்டத்தை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லலாம் என்று இருக்கிறாள். எல்லோரும் கை தட்டினார்கள். பால்வண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை காலை அவள் வீட்டுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கொழுந்தன் வாசலில் நின்று கத்தினான். புத்தகங்கள் பரணுக்குப் போயின.

பால்வண்ணனுக்குப் போன் போட்ட மரகதம் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"யாரு அண்ணாச்சி சொன்னது? நம்ம வட்டத்துல யாரு?"

"கண்டுபிடிச்சுச் சொல்லுதேம்மா. என் பிள்ளை மேல சத்தியம். ஒன் கல்யாணமே நான் நடத்தி வச்சதுதானே, விட்டுருவேனா?"

அவளுக்கு அடுத்த மாதம் பரீட்சை. எழுதாவிட்டால் அதோடு போயிற்று.

பால்வண்ணன் ஜெரினாவிடம் போனார்.

"மேடம், உள்ளுக்குள்ள ஒரு ஆள் இருக்கான். எப்படிப் பிடிக்க?"

"நீங்க திருடன் பிடிச்சதே இல்லையா அண்ணாச்சி?"

அவருக்கு முகம் மலர்ந்தது.

"பிடிக்காமயா! ஒரு கல்யாணத்துல பொண்ணு ரூம்ல இருந்த ஆரத்தைக் காணோம். சமையல்காரங்க பையைக் கொட்டிப் பார்த்தோம். தவில் உறையை அவுத்துப் பார்த்தோம். பாத்திரம் தேய்க்க வந்த பொம்பளை அழுதே போட்டா. கடைசில பார்த்தா, யாரு? வீடியோக்காரன்! லைட்டைப் பிடிச்சிக்கிட்டு 'கொஞ்சம் தள்ளுங்க'ம்பான். மாப்பிள்ளையே தள்ளி நிப்பாரு. கேமரா வச்சிருக்கவனை யாரும் பார்க்க மாட்டாங்க மேடம். அவன்தானே எல்லாரையும் பார்க்கான்!"

"ம்."

"அன்னையிலருந்து நான் யாரையும் நம்புறதில்ல."

"யாரையுமா?"

"யாரையும்."

ஜெரினா தலையாட்டிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை வாசலில் பால்வண்ணன் நின்றார். பக்கத்தில் தாம்பூலப் பை அடுக்குகிற பெரிய பிரம்புக் கூடை. மண்டபத்திலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்தார்.

"போனை இதுல போடுங்க. டோக்கன் வாங்கிக்கோங்க."

"செருப்புக்கும் டோக்கன் உண்டா அண்ணாச்சி?" என்றான் வேன் ஓட்டுகிற மிக்கேல்.

"சிரிக்காத. உள்ள போ."

"சோதனை போட்டு அனுப்புதீங்களே, உள்ள என்ன, கருவறையா?"

ஜன்னலைச் சாத்தச் சொன்னார். டீ கொண்டுவந்தவனை வாசலோடு நிறுத்தினார். தன் ஆபீஸ் போனையும் எல்லோரும் பார்க்கக் கூடையில் போட்டார். மண்டபத்துப் பழைய போன் மட்டும் சட்டைப்பையில் இருந்தது. படம் எடுக்க வேண்டுமே.

அன்றைக்கு மிக்கேல்தான் பேசினான். பட்டம் வாங்கினதும் வேனை முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டு வாத்தியார் படிப்புக்குப் போகப்போவதாகச் சொன்னான்.

"முதலாளிகிட்ட இன்னும் மூச்சு விடல. சொன்னா இன்னைக்கே சாவியைப் பிடுங்கிருவாரு."

திங்கட்கிழமை காலை சாவியைப் பிடுங்கிவிட்டார்.

அதற்கடுத்த சனிக்கிழமை நாற்காலிகள் பாதிக்குமேல் காலி. வந்தவர்களும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மிக்கேல் ஒருத்தன்தான் வாய் திறந்தான்.

"அண்ணாச்சி, டீ நல்லாருக்குன்னு சொல்லலாமா? இல்ல, அதுவும் வெளிய போயிருமா?"

டீயைக் குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

ஜெரினா நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தாள். பால்வண்ணன் பின்னாலேயே வந்தார்.

"மேடம், எனக்கு மூணு பேர் மேல கண்ணு. அந்தக் கொத்தனாரு. எப்பவும் கதவோரமாத்தான் உட்காருதாரு, கவனிச்சீங்களா? அப்புறம் அந்தச் சத்துணவு டீச்சர். எல்லாத்துக்கும் அழுதா. அவ்வளவு அழுகை எதுக்கு?"

"மூணாவது?"

"மிக்கேலு."

"வேலை போனதே அவனுக்குத்தானே அண்ணாச்சி."

"அதான் மேடம். நம்ம கண்ணுக்கு மண்ணைத் தூவுதான்."

அப்போது அவருடைய பழைய போன் அடித்தது. மேளச் சத்தத்தில் பேசிப் பழகியவர். எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார்.

"அண்ணாச்சி! வீரபாகு பேசுதேன். அந்த வேன் ஓட்டுத பையன் பேசுன வீடியோவை ஸ்டேட்டஸ்ல வச்சிருந்தீங்களே, என்னமாப் பேசுதான்! அதுக்கு முந்துன வாரம் அந்தத் தையல்காரப் புள்ள பேசுனது அதைவிட ஜோரு. நம்ம பந்தி ஆளுக, கல்யாண வீட்டுக்காரங்க, ஒருத்தர் பாக்கியில்ல, எல்லாரும் பார்த்தாச்சு!"

"சந்தோஷம் வீரபாகு. வேலையா இருக்கேன், அப்புறம் பேசுதேன்."

போனை இறக்கிவிட்டு ஜெரினாவைப் பார்த்துச் சிரித்தார்.

"நம்ம சமையல்காரரு. அவரு வைக்க சொதிக்கு ஊரே அடிமை. நம்ம புள்ளைக எவ்வளவு தைரியமாப் பேசுதுன்னு பழைய ஆளுகளுக்கும் தெரியட்டுமேன்னு வைக்கேன், அவ்வளவுதான். சரி, அந்தக் கொத்தனாரு விஷயத்துக்கு வருவோம்..."

ஜெரினா மடக்கின நாற்காலியைச் சுவரில் சாத்தினாள். வாசலைப் பார்த்தாள்.

மரகதம் நின்றுகொண்டிருந்தாள். கையில் பல்கலைக்கழக அடையாள அட்டை.

"திருப்பிக் குடுத்துட்டு வரச் சொன்னாங்க. கொழுந்தன் வெளிய வண்டியில இருக்காரு" என்றாள். பிறகு பால்வண்ணன் பக்கம் திரும்பினாள். "யாருன்னு மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி. தெரிஞ்சுக்கிட்டுப் போயிருதேன்."

பால்வண்ணன் வாயைத் திறப்பதற்குள் ஜெரினா ஒரு நாற்காலியை மறுபடி விரித்தாள். மரகதத்தை அதில் உட்கார வைத்தாள்.

"அண்ணாச்சி, மண்டபத்துல திருடன் பிடிச்ச கதையை இவளுக்குச் சொல்லுங்க."

"இப்பமா மேடம்?"

"இப்பதான்."

கதை சொல்லச் சொன்னால் அவர் மறுக்கிறவர் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு கல்யாணத்துல ஆரம் காணாமப்போச்சும்மா. சமையல்காரங்க பையைக் கொட்டிப் பார்த்தோம். தவில் உறையை அவுத்துப் பார்த்தோம். ஒரு பாவமும் அறியாத பொம்பளை, பாத்திரம் தேய்க்க வந்தவ, அவளை அழ வச்சோம். ஆனா எடுத்தவன் எங்க கூடவேதான் சுத்திக்கிட்டிருந்தான். அவனும் சேர்ந்துதான் தேடுனான். யாரும் சந்தேகப்படல. ஏன்னா, கேமரா வச்சிருக்கவனை யாரும்..."

கதை நின்றுவிட்டது.

அவர் கையில் பழைய போன் இருந்தது. வீரபாகுவின் பெயர் திரையிலிருந்து இன்னும் மறையவில்லை.

வெளியே வண்டி ஹாரன் அடித்தது. மரகதம் எழுந்திருக்கவில்லை.

"யாரும்?" என்றாள்.

பால்வண்ணன் ஜெரினாவைப் பார்த்தார்.

"என்னைப் பார்க்காதீங்க அண்ணாச்சி" என்றாள் ஜெரினா. "கேட்டது அவதானே."